ஓசோன் ஏர் ப்யூரிஃபையர்: எளப்பு இருக்கிற வீட்டுக்கு இது வேணாமுங்க

5க்கு 1 ஸ்டார் போட்ருக்கேன். அந்த ஒண்ணும் பேக்கிங் நல்லா இருந்துச்சு, சத்தமில்ல, கரண்ட்டு கம்மியா இழுக்குதுங்கிறதுக்காக. காத்தச் சுத்தம் பண்றேன்னு சொல்லி விக்கிறாங்களே, அந்த வேலைக்குக் குடுக்க ஒண்ணுமே இல்லீங்க. கம்பெனி பேரு போடல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சனை இல்ல, இதே மாதிரி டப்பா வேற வேற பேர்ல ஆன்லைன்லயும் கடைலயும் கெடக்குது, எதுல ஓசோன்னு போட்டிருந்தாலும் நாஞ்சொல்றது பொருந்தும். கொஞ்சம் நீளமா எழுதிருக்கேன், வீட்ல வயசானவங்களோ சளி எளப்பு இருக்கிற கொழந்தைகளோ இருந்தா முழுசாப் படிச்சுருங்க.

நாங்க சோமனூர் பக்கமுங்க. வீட்ட ஒட்டியே தறிக்குடோன், 8 தறி, கூலிக்கு ஓட்றோம். எங்கய்யன் நாப்பது வருசம் தறியோடயே இருந்தவரு, அந்தப் பஞ்சுத் தூசியெல்லாம் நெஞ்சுல எறங்கி இப்ப எளப்பு, காலைல ஒருக்கா பொழுதோட ஒருக்கா இன்ஹேலர் அடிச்சாத்தான் ஆகும். அவருக்கு ஏதாச்சும் பண்ணோணும்னு வெசனம் எப்பவுமே எனக்கு இருக்கும். தீவாளிக்கு முன்னால கோயமுத்தூர்ல ஒரு எக்ஸிபிஷன் போயிருந்தோம், அங்க ஒரு ஸ்டால்ல இந்த மெஷின ஓடவிட்டு வெச்சிருந்தாங்க, விக்கிற தம்பி நெம்ப மரியாதையாத்தான் பேசுனாப்ல. "ஏனுங்ண்ணா, ஓசோன் படலம்னு படிச்சிருப்பீங்கல்ல, சூரியன்கிட்ட இருந்து நம்மளக் காப்பாத்துதே, அதே ஓசோன்தானுங்ண்ணா இது, அத உங்க ரூமுக்குள்ளயே கொண்டாந்து குடுக்கறோம், தூசி கிருமி வாசம் எல்லாத்தையும் எரிச்சுரும்"னு சொன்னாப்ல. எம்பொண்ணு எட்டாவது படிக்குது, செப்டம்பர் 16 ஓசோன் தினத்துக்கு ஸ்கூல்ல படம் வரஞ்சு ரெண்டாம் பரிசு வாங்குன புள்ள, பூமிக்கு மேல கொடை புடிச்ச மாதிரி வரஞ்சிருந்துச்சு, அது ஆமாப்பா ஓசோன் நல்லதுப்பான்னு சொல்லுச்சு. புள்ள சொன்னதுல தப்பே இல்ல, புஸ்தகத்துல இருக்கிறதத்தான் சொல்லுச்சு. 6,499 ரூவா குடுத்து வாங்கியாச்சு.

டிபன் கேரியர் ஒசரத்துக்கு ஒரு வெள்ள டப்பா, முன்னால ஒரு நீல லைட்டு, மேல சல்லட மாதிரி ஓட்ட. அடில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல ஓசோன் மணிக்கு 50 மில்லிகிராம்னு போட்டிருந்துச்சு, அன்னிக்கு அத நான் பாத்தேன் ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது, எச்சா இருந்தா எச்சா சுத்தம்னு நெனச்சுக்கிட்டேன். அய்யன் படுக்கிற ரூம்ல அலமாரிக்குக் கீழ ஸ்டூல் போட்டு வெச்சோம். ஐப்பசி மழை புடிச்சிருச்சு, குளிருதுன்னு சன்னல் கதவெல்லாம் சாத்தித்தான் கெடக்கும், ராத்திரி பூராவும் ஓடும்.

மொத நாள் வாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இடி மின்னலோட மழை வாரதுக்கு முந்தி ஒரு வாசம் வருமில்லீங்களா, ஜெராக்ஸ் கடைல மெஷின் பக்கத்துல நின்னா வருமே, அந்த வாசம். ஃப்ரெஷ்ஷா இருக்குதுன்னு வீட்ல எல்லாருமே சொன்னோம். அஞ்சு நிமிசத்துல மூக்குக்குப் பழகிப் போயி அப்பறம் தெரியவே மாட்டேங்குது, இதுதான் இதுல பெரிய ஆபத்து, ஏன்னா வாசம் தெரியலைன்னா காத்துல இல்லைன்னு அர்த்தமில்ல. மூணாவது நாள் அய்யனுக்குத் தொண்ட கரகரன்னுச்சு. அப்பறம் வறட்டு இருமல். தெனம் ரெண்டு தடவ அடிச்சிட்டிருந்த இன்ஹேலர் ஒரு வாரத்துக்குள்ள நாலு அஞ்சுன்னு ஆச்சு, நெஞ்சுக்கூட்டுக்குள்ள ஏதோ எரியுது சாமின்னாரு. நாங்க மழக் குளிருன்னு நெனச்சு மெஷின இன்னும் எச்சா நேரம் ஓட்டுனோம். இத எழுதறப்பவே எனக்குக் கஷ்டமா இருக்குதுங்க.

பதினோராவது நாள் ஞாயித்துக்கெழம, கறிச்சோத்துக்கு எம்மாப்ள வந்தான், வீட்டுக்காரியோட தம்பி. திருப்பூர் பக்கம் ஒரு ஜீன்ஸ் வாஷிங் யூனிட்ல வேலை. அய்யனப் பாக்கலாம்னு ரூமுக்குள்ள கால் வெச்சவன் அப்படியே நின்னுட்டான். "மச்சான், இது ஓசோன் வாசமாச்சே, எங்க யூனிட்ல மெஷின் கதவு சரியா சாத்தாம இந்த வாசம் வந்தா எல்லாரும் வெளிய வந்துருவோம், அலாரமே அடிக்கும், நீங்க இத அப்பாரு தலமாட்டுல வெச்சிருக்கீங்க?"ன்னான். அவங்க யூனிட்ல ஜீன்ஸ் நெறத்த வெளுக்க வைக்கறதுக்கு ஓசோன் மெஷின்தானாம், பெரிய டிரம்முக்குள்ள ஈரத் துணியப் போட்டு ஓசோன உள்ள விட்டா நீலச் சாயம் அப்படியே மங்கிரும், தண்ணியும் கெமிக்கலும் நெம்ப மிச்சம். நல்ல டெக்னாலஜிதான், ஆனா எல்லாம் மூடுன டிரம்முக்குள்ள, மிச்ச ஓசோன அழிச்சிட்டுத்தான் கதவே தொறக்குமாம். ஜீன்ஸ் சாயத்தையே திங்கிற சாமான்னு அவன் சொன்ன ஒடனே எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

அதோட அவனே இன்னொன்னு காட்டுனான், இதுதான் எனக்கு எல்லாத்தையும் வெளங்க வெச்சது. அலமாரில அய்யனோட மாத்திர அட்டையெல்லாம் ஒண்ணா அடுக்கி ஒரு ரப்பர் பேண்ட் இழுத்து மாட்டியிருப்போம், புது ரப்பர் பேண்ட், தீவாளிக்கு வாங்குன பாக்கெட்டுதான். அத எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, இழுத்திருக்கிற பக்கத்துக்குக் குறுக்கால நெருக்க நெருக்கமா வெடிப்பு, கோடையில கொளம் வத்துனா சேறு வெடிச்சுக் கெடக்குமே அந்த மாதிரி பொடிப்பொடியா. லேசா இழுத்தேன், பட்டுன்னு அந்துருச்சு. அதே பாக்கெட்டு ரப்பர் பேண்ட் சமையக்கட்டுல மசாலாப் பொடி கவருக்கு மாட்டிருந்தோம், அத எடுத்து இழுத்துப் பாத்தா புதுசு மாதிரியே இருக்குது. பதினோரு நாள்ல ரப்பர இந்தக் கதி பண்ணுன காத்த எங்கய்யன் ராத்திரி பூரா உள்ள இழுத்திருக்காரு.

இதப் பத்தி அப்பறம் தேடிப் படிச்சேன். ரப்பர ஓசோன் வெடிக்க வைக்கிறது புதுசே இல்லீங்க, அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் ஊர்ல 1940, 50கள்ல புகமூட்டம் வந்து சனங்க கண்ணெரிச்சலோட திரிஞ்சப்ப, ஹாகன் ஸ்மிட்டுன்னு ஒரு வேதியியல் விஞ்ஞானி ரப்பர் துண்ட வளச்சு வெச்சு அதுல வெடிப்பு விழற வேகத்த வெச்சுத்தான் காத்துல ஓசோன் எவ்வளவுன்னு பாத்தாராம். கார் புகையும் ரீபைனரி ஆவியும் வெய்யில்ல சேந்து ஓசோனா மாறுதுன்னு கண்டுபுடிச்சதும் அவருதான்.

மாப்ள ஸ்க்ரூ கழட்டி மெஷினத் தொறந்தான். உள்ள ஃபில்டர்னு ஒண்ணு கெடயவே கெடயாது. தீப்பெட்டி அளவுல ஒரு வெள்ளப் பீங்கான் தகடு, அது மேல கோடு கோடா உலோகம், பின்னால கம்ப்யூட்டர்ல இருக்கிற மாதிரி ஒரு குட்டி ஃபேன். லைட்ட அணச்சுட்டு ஒரு செகண்ட் ஓடவிட்டான், அந்தக் கோட்டு ஓரமெல்லாம் ஊதாக் கலர்ல மினுங்குச்சு. ஹை வோல்டேஜ் கரண்ட்டு காத்துல இருக்கிற ஆக்சிஜன ஒடைக்குது, ஒடஞ்ச ஒத்த அணு போயி இன்னொரு ஆக்சிஜன்ல ஒட்டிக்கிட்டு மூணு அணுவா ஆனா அதுதான் ஓசோன். ரெண்டு அணுவா இருக்கிறப்ப நமக்கு உயிர் மூச்சு, மூணாவது ஒண்ணு சேந்துட்டா அது நெலையில்லாம அந்த ஒண்ண எங்கயாச்சும் தள்ளிவிடப் பாக்கும், துணியா இருந்தா துணி, ரப்பரா இருந்தா ரப்பர், நொரையீரலா இருந்தா நொரையீரல். இதுக்குப் பேரு வெச்சதே அந்த வாசத்த வெச்சுத்தானாம், 1840ல ஷோன்பைன்னு ஒரு விஞ்ஞானி, வாசம் வீசுறதுங்கிற கிரேக்க வார்த்தைல இருந்து எடுத்தாரு.

இப்ப அந்த ஸ்டால் தம்பி சொன்னதுக்கு வாரேன். அதே ஓசோன்தான்னு சொன்னாப்ல, அது நெசம். பொருள் ஒண்ணேதான். ஆனா ஓசோன் படலம் எங்க இருக்குது? தரைல இருந்து சுமாரா 15ல இருந்து 35 கிலோமீட்டர் ஒசரத்துல, ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்கிற காத்து மண்டல மேலடுக்குல. ஒலகத்துல இருக்கிற மொத்த ஓசோன்ல 90 சதவீதம் அங்கதான். அங்க மூச்சு விட ஒரு காக்கா குருவி கெடயாது. அது சுத்தம் பண்றதனால நம்மளக் காப்பாத்தல, சூரியன்ல இருந்து வர்ற புறஊதாக் கதிர அது வாங்கிக்கிது, அந்தக் கதிர் பட்டு ஓசோன் ஒடையும், திரும்பச் சேரும், திரும்ப ஒடையும், இப்படியே அந்தக் கதிர்ல கெடுதலானது பெரும்பாலும் நம்ம தோலு, கண்ணு, வெள்ளாமை மேல எறங்காம பண்ணிருது. அம்புட்டுதான் அதோட வேலை. எம்பொண்ணு வரஞ்ச கொடை சரியான படம், கொடைய மேல புடிச்சாத்தான் அது கொடை. அத மடக்கித் தொண்டைக்குள்ள விட்டா என்னாகும்?

அந்தப் படலம் பெரிய மெத்த மாதிரி தடியா இருக்கும்னுதான் நானும் நெனச்சிருந்தேன். மேல இருக்கிற ஓசோன மொத்தமாத் தரைக்குக் கொண்டாந்து அடுக்குனா ஒலக சராசரிக்கு 3 மில்லிமீட்டர்தான் வருமாம், ரெண்டு ஒத்த ரூவாக் காசு ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச தடிமன். நம்ம மாதிரி வெய்ய நாட்டுப் பக்கம் அதவிடவும் கொஞ்சம் கொறவு. நம்ம பழனிக்கு அங்கிட்டு கொடைக்கானல்ல இத அளக்கறதுக்கு டாப்சன் கருவின்னு ஒண்ணு வெச்சு வருசக்கணக்கா அளந்திருக்காங்க. இவ்வளவு மெலிசான படலத்தத்தான் ஃபிரிட்ஜு, ஏசி, ஸ்பிரேல போட்ட சிஎஃப்சி வாயு அரிச்சிட்டிருந்துச்சு. அதுல இருந்து வர்ற ஒத்த குளோரின் அணு லச்சம் ஓசோன் வரைக்கும் ஒடைக்கும். மோலினா, ரோலண்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இத 1974லயே சொன்னாங்க, 1985ல அண்டார்டிகா மேல ஓட்டை தெரிஞ்சுச்சு, 1987 செப்டம்பர் 16ல கனடாவுல மான்ட்ரியல் ஊர்ல இந்த வாயுவக் கொறைக்கோணும்னு நாடுகளெல்லாம் ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்குத்தான் அந்த நாள ஓசோன் தினமா வெச்சிருக்காங்க, நம்ம நாடு 1992ல சேந்துச்சு. இப்ப அது பையப் பைய ஆறிட்டு வருது, அண்டார்டிகா மேல முழுசா பழையபடி ஆக 2066 வாக்குல ஆகும்னு ஐநா அறிக்கையில போட்டிருக்குது.

ஓட்டை விழுந்திருக்குது, அதனால நம்ம ஊர்க் காத்துல ஓசோன் பத்தல, அத இந்த மெஷின் ஈடு பண்ணுதுன்னும் அந்தத் தம்பி சொன்னாப்ல. அது சுத்தமாத் தப்பு. அந்த ஓட்டை அங்க மேல, அதும் அண்டார்டிகா பக்கம். நாம மூச்சு விடற காத்துல ஓசோன் கொறஞ்சா நல்லதே ஒழிய பத்தாக்கொறைன்னு ஒண்ணு கெடயாது. எம்பொண்ணு, "அப்ப கீழ இருக்கிற ஓசோன பிளேன்ல ஏத்தி மேல விட்ரலாமில்லப்பா"ன்னு கேட்டுச்சு, நல்ல கேள்விதான். மேல இருக்கிறது 300 கோடி டன் சொச்சம், தெனமும் சூரியனே அங்க ஆக்சிஜன ஒடச்சு ஒடச்சு ஓசோன் செஞ்சிட்டிருக்குது, நாம கொண்டு போயி ஊத்தறது எந்த மூலைக்குங்க. கீழ இருக்கிறது தானா மேல ஏறியும் போகாது, அதுக்குள்ள எங்கயாச்சும் பட்டு அழிஞ்சிரும்.

அப்பறம் கீழ இருக்கிற ஓசோன் மெஷின்ல இருந்து மட்டும் வாரதில்லீங்க. வண்டிப் பொகை, பாய்லர் பொகை, பெயிண்ட்டு தின்னர் பெட்ரோல் ஆவி, இதுல எதுலயும் நேரா ஓசோன் வராது, இதெல்லாம் காத்துல கலந்து கெடக்கிறப்ப வெய்யில் ஏற ஏற அங்கயே ஓசோன் உருவாகுது. அதனாலதான் மத்தியானம் 1 மணில இருந்து 4, 5 மணி வரைக்கும் எச்சா இருக்கும். இன்னொன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, வண்டி நெரிசல் இருக்கிற எடத்துல புதுசா வர்ற பொகையே ஓசோனக் கொஞ்சம் தின்னுருமாம், அதனால டவுனு நடுவுல இருக்கிறதவிட காத்து போற தெசைல ஊர் ஓரத்துல பல தடவ எச்சாவே இருக்கும். எங்களுக்கு ஆனி ஆடிக் காத்தெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்ல நொழஞ்சு கோயமுத்தூரத் தாண்டித்தான் வருது, அத நெனச்சுப் பாத்தேன். பருத்தி, பயறு இதுக்கெல்லாம்கூட ஓசோன் ஆகாது, எலை மேல புள்ளி விழுந்து வெளைச்சல் கொறையும்.

சரி கணக்குக்கு வாரேன், இத எல்லாரும் போட்டுப் பாக்கோணும். நம்ம நாட்டுல வெளிக்காத்துக்கு 2009ல வெச்ச அளவு, எட்டு மணி நேர சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்குன்னா 180. எங்கய்யன் ரூம் 10க்கு 12, ஒசரம் 10 அடி, அதாவது 1,200 கன அடி, 34 கன மீட்டர். மெஷின் மணிக்கு 50 மில்லிகிராம், அதாவது 50,000 மைக்ரோகிராம். வகுத்தா ஒரு மணி நேரத்துல கன மீட்டருக்கு 1,470 வருது. சுவரு, போர்வை, துணிமணில பட்டுக் கொஞ்சம் அழிஞ்சிரும், கதவு இடுக்குல கொஞ்சம் போயிரும், நாலுல மூணு பங்கு அப்படிப் போயிருச்சுன்னே வெச்சுக்குங்க, மிச்சம் 360க்கு மேல நிக்கிது. ஆரோக்கியமான ஆளுக்கே ஆகாத அளவு, எளப்புக்காரருக்கு ராத்திரி பூராவும். கெமிஸ்ட்ரி படிச்சவங்க வந்து துல்லியமாத் திருத்துனா சந்தோசமா மாத்திக்கிறேன், ஆனா எப்படித் திருப்பிப் போட்டாலும் 100க்குக் கீழ எறங்க மாட்டேங்குது.

கொஞ்சமா விட்டா நல்லது பண்ணுமோன்னு கேப்பீங்க. அமெரிக்க சுற்றுச்சூழல் துறை இதப் பத்தித் தெளிவா எழுதி வெச்சிருக்குது, ஒடம்புக்குக் கெடுதல் பண்ணாத அளவுல ஓசோன் விட்டா காத்துல இருக்கிற அழுக்க அது பெருசா ஒண்ணும் பண்ணாது, அழுக்க எடுக்கற அளவுக்கு விட்டா ஆளுக்கு ஆகாது. பஞ்சுத் தூசிய அது காத்துல இருந்து எடுக்கவே எடுக்காது, புடிக்கிறதுக்கு உள்ள ஃபில்டரே இல்லையே. கெட்ட வாசம் போன மாதிரி இருந்தாலும், நம்ம மூக்கு மரத்துப் போனதாவும் இருக்கலாம். இன்னொரு விஷயமும் இருக்குது, வீட்டுக்காரி எலுமிச்ச வாசம் வர்ற லிக்விட் ஊத்தித் தரை தொடைப்பா, அந்த வாசத்தோட ஓசோன் சேந்தா ஃபார்மால்டிஹைடும் கண்ணுக்குத் தெரியாத பொடித் துகளும் உண்டாகுமாம், ஆக இல்லாத அழுக்க நாமளே செஞ்சிட்டிருந்திருக்கோம். கலிபோர்னியாவுல 2010ல இருந்து காத்துல 50 பிபிபிக்கு மேல, அதாவது 100 கோடி பங்குல 50 பங்குக்கு மேல, ஓசோன் சேக்கிற ஏர் ப்யூரிஃபையர வீட்டுக்குன்னு விக்கவே கூடாது.

ஓசோனே கெட்டதுன்னு நாஞ்சொல்லலீங்க. பிரான்ஸ்ல நீஸ் ஊர்ல 1906லயே குடிதண்ணியச் சுத்தம் பண்ண இதத்தான் வெச்சாங்க, சாயத் தண்ணில நெறம் எடுக்கவும் ஆகுது, மாப்ள யூனிட்ல நாஞ்சொன்ன மாதிரி. ஆளு மூச்சு விடற எடத்துல மட்டும் ஆகாது.

அன்னிக்கே மெஷின நிறுத்திச் சன்னலத் தொறந்து விட்டோம், ஓசோன் சீக்கிரம் அழிஞ்சிரும்கிறது ஒரு நிம்மதி. அடுத்த நாள் டாக்டர்கிட்டப் போனப்ப நெஞ்சுல ஸ்டெத் வெச்சுப் பாத்துட்டு அவரு கேட்ட மொதக் கேள்வியே வீட்ல புதுசா என்ன வந்துச்சுங்கிறதுதான். மெஷினாலதான்னு அவரு எழுதிக் குடுக்கல, மழைக் குளிரும் சேந்திருக்கலாம்னாரு, ஆனா இனி அத ஓட்டவே வேணாம்னு அழுத்திச் சொன்னாரு. அஞ்சாறு நாள்ல எரிச்சல் போச்சு, பத்து நாள்ல இன்ஹேலர் பழையபடி ரெண்டு தடவைக்கு வந்துச்சு. கடைக்குப் போன் பண்ணுனா ஏழு நாள் தாண்டிருச்சு, ரிட்டர்ன் இல்ல, வேணும்னா வேற மாடல் மாத்தித் தர்றோம்னாங்க. அந்த மாடல்ல மணிக்கு 100 மில்லிகிராம். வேணாம்னுட்டேன்.

இப்ப என்ன பண்றோம்னா, தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருந்த கதவுக்கு ரப்பர் பட்டி அடிச்சு இறுக்கிட்டோம், குடோன்ல பொடக்காளிப் பக்கம் பாத்து எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாச்சு, கூட்டறதுக்குப் பதிலா ஈரத்துணில தொடைக்கிறோம். இதுக்கு அப்பறமும் மெஷின் வேணும்னா ஹெப்பா ஃபில்டர் உள்ளதாப் பாருங்க, அது தூசியப் புடிக்கும். வாங்கறப்ப ஓசோன் வருதா, எத்தன பிபிபின்னு கேளுங்க, ஐயனைசர்னு, அதாவது காத்துக்கு மின்சாரம் ஏத்துற மெஷின்னு, போட்டிருந்தாலும் கேளுங்க, அதுலயும் சிலதுல கொஞ்சம் வரும். பதில் சொல்லத் தெரியாதவங்ககிட்ட வாங்காதீங்க. மாஸ்க் போட்டுக்கிட்டா ஓசோன் வராதுன்னும் நம்பாதீங்க, சாதா மாஸ்க்குல வாயு நிக்காது.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரரு 2,000 ரூவாய்க்குத் தர்றீங்களான்னு கேட்டாரு, அவுங்க அம்மாவுக்கும் எளப்பு. குடுக்கல. அந்த அந்துபோன ரப்பர் பேண்ட எடுத்துக் காட்டி அரமணி நேரம் சொல்லி அனுப்பிட்டு, மெஷின் வயர பிளக்கோட வெட்டிப் போட்டு டப்பாவ அட்டாலி மேல ஏத்திட்டேன்.